சென்று மீளும் பொருளும் உடன் செல்லும் பத்திரமும்

(மைசூருவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசை பேசுவதும் வழக்கம். சுங்கத்தைப் பற்றிப் பேசுவது எந்த வழக்கத்தைச் சேர்ந்தது என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். செயற்குழுவினர் எங்களுக்கு இட்ட பணி இது. ‘வீணையும் மிருதங்கமும் எடுத்துக்கொண்டு கடல் கடந்து போய் வந்தீர்கள், அங்கே பாடிய பாட்டைக் கேட்டவர் பலர், நீங்கள் பட்ட பாட்டை அறிந்தவர் சிலர். அதை எடுத்துச் சொன்னால் இனிப் போகிறவர்களுக்குப் பயன்படுமே’ என்றார்கள். ஆதலின், எங்கள் இசைக் குழுவினர் கூடி எழுதிய இவ்வுரையை உங்கள் முன் வைக்கிறோம்.

சுங்கம் தமிழருக்குப் புதிதன்று. இதோ நம் ஊருக்கு அருகே சீரங்கப்பட்டணத்தைச் சுற்றி ஓடுகிற காவிரி, கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த பழம்பெருந் துறைமுகத்தைப் பட்டினப்பாலை பாடுகிறது. வந்து குவிந்த பண்டங்களின்மீது சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்த காவலரை அந்நூலில் காண்கிறோம். அன்று மூட்டையின்மீது விழுந்த முத்திரை, பின்னர்க் காகிதத்தின்மீது விழுந்தது. இன்று கைப்பேசித் திரையில் தோன்றும் குறியாக மாறி வருகிறது. வடிவம் மாறினும், ‘இப்பொருளுக்கு இன்னார் பொறுப்பு’ என்னும் அதன் கருத்து மாறவில்லை. இவ்வுரை முழுவதும் அந்த ஒரு கருத்தைப் பற்றியதே.

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் செய்த வீணை; நாம் விலை கொடுத்து வாங்கிய வீணை; நாமே கொண்டுபோய் நாமே திரும்பக் கொண்டு வருகிறோம். இதற்கு வரி ஏது என்று எண்ணுவது இயல்பு. ஆனால், 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 20-ஆம் பிரிவில், ஏற்றுமதியாகித் திரும்பி வரும் பொருளையும் புதிதாக வரும் இறக்குமதிப் பொருளைப் போலவே கருதுகிறது. விலக்குகள் உண்டு, ஆயினும், போன பொருளே திரும்பி வந்தது என்பதை மெய்ப்பித்தால்தான் அவை நமக்குக் கிட்டும். அயல் நாட்டின் வாயிலிலும் இதே கேள்வி வேறு முகத்தோடு நிற்கிறது: ‘இதை இங்கே விற்றுவிட்டுப் போகமாட்டீர் என்பதற்கு என்ன உறுதி?’

இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே விடையாக உலக நாடுகள் பல கூடி வகுத்த ஏற்பாடே கார்னெட் என்பது. அது சிற்றேடு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். 1961-ஆம் ஆண்டு பிரசெல்சு நகரில் இதற்கான உடன்படிக்கை உருவாயிற்று. 1963-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1989-இல் அதில் சேர்ந்தது. ‘ஏ.டி.ஏ. கார்னெட்’ என்று வழங்கும் இப்பத்திரத்தை நம் நாட்டில் வழங்குவதும், அதற்குப் பிணை நிற்பதும், ஃபிக்கி என்று நாம் அறிந்த இந்திய வணிகத் தொழிற் கூட்டமைப்பு. கலைஞர்களின் கருவிகள், கண்காட்சிக்குச் செல்லும் பொருள்கள், வணிக மாதிரிகள் ஆகியவை இப்பத்திரத்தின் துணையோடு, சென்ற நாட்டில் வரி கட்டாமல் நுழைந்து, குறித்த காலத்துக்குள் வெளியேறலாம். பத்திரத்தின் ஆயுள் மிகுதியாய்ப் போனால் ஓராண்டு. விற்பனைக்குரிய பொருளுக்கும், தின்றும் எரித்தும் தீரும் பொருளுக்கும் இது பயன்படாது.

ஏட்டின் அமைப்பையும் அறிந்துகொள்வது நல்லது. மேலட்டை பச்சை. உள்ளே, நம் நாட்டை விட்டுப் புறப்படும்போதும் திரும்பும்போதும் உரிய தாள்கள் மஞ்சள். அயல் நாட்டில் நுழையும்போதும் வெளியேறும்போதும் உரியவை வெள்ளை. இடைவழி நாடுகளுக்கு நீலம். ஒவ்வொரு வாயிலிலும் அதிகாரி ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு, ஏட்டிலேயே தங்கும் அடிக்கட்டையில் முத்திரை இடுவார். ஆகவே, ஒரு நாட்டுக்குச் சென்று மீளும் பயணத்துக்கு நான்கு முத்திரைகள். பொருள்களின் பொதுப் பட்டியல் ஒன்று ஏட்டில் உண்டு. பத்திரம் வழங்கியபின் அப்பட்டியலில் ஒரு பொருளையும் புதிதாகச் சேர்க்க இயலாது. இவ்வளவையும் நினைவில் வையுங்கள். எங்கள் கதைக்கு இது தேவைப்படும்.

மைசூருவில் இருக்கும் தமிழருக்கு இந்த ஏடு ஏன் வேண்டும்? வீணை நம்மையும் இம்மண்ணையும் பிணைக்கும் கருவி. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் பிறப்பது; மைசூர் வீணை ஈட்டி மரத்தில் பிறப்பது. வீணை சேஷண்ணா வாழ்ந்த ஊர் இது. நெல்லைச் சீமையிலிருந்து வந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் அரசவை வித்துவானாய் விளங்கி, சாமுண்டேசுவரியின்மீது 108 கீர்த்தனைகள் இயற்றினார். அந்த மரபின் நிழலில் வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று கடல் கடந்து அழைக்கப்படுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பதோ, பெரும்பாலும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த வீணை. காணாமற் போனால் கடையில் வாங்கி ஈடுசெய்ய முடியாத பொருள் அது.

இனி எங்கள் கதை. அயல் நாட்டுத் தமிழன்பர்கள் அழைப்பின்பேரில் நாங்கள் மூன்று வீணைகளும், இரண்டு மிருதங்கங்களும், ஒரு தம்புராவும் கொண்டு புறப்படத் திட்டமிட்டோம். கருவிகளை முன்னதாகச் சரக்காக அனுப்பிவிட்டு, நாங்கள் பின்னே செல்வது என்று முடிவு. பத்திரத்துக்கு விண்ணப்பம் எழுதி முடித்த சமயத்தில் ஒரு வீணையின் குடத்தில் விரிசல் கண்டது. அதை நிறுத்திவிட்டு வேறொரு வீணையைச் சேர்த்து, பட்டியலைத் திருத்தினோம். திருத்திய பட்டியலின்படியே பத்திரமும் வந்தது. பிழை அதில் இல்லை.

பிழை எங்கள் கைப்பேசிகளில் இருந்தது. திருத்துவதற்கு முன்பே எங்களுள் ஒருவர், உதவி செய்யும் ஆர்வத்தில், பழைய பட்டியலை அங்குள்ள முகவருக்கு வாட்ஸ்அப் வழியே அனுப்பியிருந்தார். புதிய பட்டியலை வேறொருவர் நம் ஊர் முகவருக்கு அனுப்பினார். அங்குள்ள முகவரோ தம் கைக்கு முதலில் வந்ததைக் கொண்டு தம் தாள்களை ஆயத்தம் செய்துவிட்டார். சரக்கு இறங்கிய அன்று அவருடைய தாளில் ஒரு வீணை. ஏட்டில் வேறு வீணை. நீளம் வேறு, எடை வேறு, யாளி முகத்தின் வண்ணமும் வேறு. அதிகாரி ஐயுற்றதில் தவறு உண்டோ? கருவிகள் இரண்டு நாள் கிடங்கிலே கிடந்தன.

முதல் நாள் கச்சேரியில் எங்கள் மூத்த அம்மையார் இரவல் வீணையில் வாசித்தார். அறுபது ஆண்டுகளாகத் தம் விரல் அறிந்த 24 மெட்டுகளை விட்டு, அறியாத மெட்டுகளின்மீது அவர் விரல் தயங்கியதை நாங்கள் அருகிருந்து கண்டோம். சபையோர் கைதட்டினர். அம்மையார் எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அது எங்களுக்கு இன்னும் சுமையாயிற்று.

அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. திரும்பும்போது கருவிகளை எங்களுடனேயே எடுத்து வந்தோம். நள்ளிரவு விமானம். வெளியேறும் முத்திரையை முகவர் முன்பே வாங்கிவிட்டார் என்று நாங்கள் எண்ணினோம். ஏடு எங்கள் கையில் இருப்பதால் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று அவர் எண்ணினார். ஏட்டின் படம் அவரிடமும், ஏடு எங்களிடமும் இருந்தன. பொறுப்பு எவரிடமும் இல்லை! வெள்ளைத் தாளின் அடிக்கட்டை வெள்ளையாகவே ஊர் வந்து சேர்ந்தது.

பல மாதங்கள் கழித்து ஓலை வந்தது: ‘பொருள்கள் வெளியேறியதற்குச் சான்று இல்லை, வரி செலுத்துக.’ உடன்படிக்கையின்படி, பத்திரம் காலாவதியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் அயல் நாட்டுச் சுங்கம் இவ்வாறு கோரலாம். சான்று காட்டப் பிணை நின்ற அமைப்புக்கு 6 மாதம் தவணை உண்டு. காட்டாவிடில் அமைப்பு பணத்தைக் கட்டிவிட்டு, நாம் வைத்த ஈட்டிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். எங்களைக் காத்தது ஒரே ஒரு முத்திரை. தாயகம் திரும்பியபோது மஞ்சள் தாளின் அடிக்கட்டையில் நம் நாட்டு அதிகாரி இட்ட முத்திரை அது. பொருள் ஒரு நாட்டில் மீண்டும் நுழைந்ததாக அந்நாட்டுச் சுங்கம் பதிந்திருந்தால், அது முந்தைய நாட்டை விட்டு வெளியேறியதற்கு அதையே மாற்றுச் சான்றாக ஏற்க உடன்படிக்கை இடம் தருகிறது. ஒழுங்குபடுத்தும் கட்டணம் ஒன்றைச் செலுத்தி மீண்டோம்.

அன்பர்களே, இதில் முகவர் கெட்டவர் அல்லர். நாங்களும் கெட்டவர் அல்லோம். ஆவணத்தைப் பகிர்ந்தபோது பொறுப்பையும் பகிர்ந்துவிட்டதாக நாங்கள் எண்ணியதே கேட்டுக்கு வித்தாயிற்று. சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. சுங்கச் சட்டத்தின் 147-ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமையாளரின் முகவர் செய்த காரியம், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, உரிமையாளர் அறிந்து இசைந்து செய்ததாகவே கொள்ளப்படும். அவரே செய்தது போல அவரும் பொறுப்பாவார். ஏட்டின் முகப்பிலும் அவ்வாறே: பத்திரம் பெற்றவர் பெயருக்கு ஓர் இடம், அவருடைய பிரதிநிதியின் பெயருக்கு ஓர் இடம். பிரதிநிதி நம் கை. கையெழுத்திட்ட தலை நாமே.

இப்போது அந்த ஏடே மின்னணு வடிவம் பெற்று வருகிறது. பன்னாட்டு வணிகச் சங்கம் 2019-இல் சில நாடுகளோடு இதைச் சோதிக்கத் தொடங்கியது. பத்திரம் கைப்பேசிச் செயலியில் வந்து தங்கும். இந்தப் பயணத்துக்கு இன்னின்ன பொருள் என்று நாம் தேர்ந்தால் ஒரு கியூ.ஆர். குறி தோன்றும். அதிகாரி அதைப் படித்துப் பொருளைச் சரிபார்த்து, தம் முத்திரையை மின்னணுப் பதிவாக இடுவார். பிரதிநிதியோடு பத்திரத்தைப் பகிர்ந்துகொள்ளவும் வழி உண்டு. ஏடு தொலைந்தது, நனைந்தது, தாள் கிழிந்தது என்னும் துன்பங்கள் இதனால் குறையும். எனினும், தாளும் மின்னணுவும் அருகருகே நடக்கும் காலம் இது. போகும் நாட்டில் எது செல்லும் என்பதைப் பத்திரம் வழங்கும் அமைப்பிடமே புறப்படுமுன் கேட்டறிதல் வேண்டும்.

கார்னெட்டை ஏற்காத நாடுகளுக்குச் செல்வோரும், வணிகம் செய்வோரும் ‘ஷிப்பிங் பில்’ என்னும் ஏற்றுமதிச் சீட்டின் வழியே செல்வர். அங்கே மின்னணு முறை முன்னரே வேரூன்றிவிட்டது. சுங்கத் தரகர், கையொப்பமிட்ட ஆவணங்களை ‘இ-சஞ்சித்’ என்னும் ஏற்பாட்டில் ஏற்றுகிறார்; ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு குறிப்பெண் கிடைக்கிறது. ஆகவே, எந்த வழியில் சென்றாலும் நம் ஆவணங்களை முகவரிடம் மின்னணு வடிவில் ஒப்படைக்கும் நாள் வந்தே தீரும். அந்நாளில் செய்யத்தக்கவை ஐந்து என்று பட்டறிவால் கண்டோம்.

முதலாவது, ஆளை அறிதல். வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பின்னரே ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்தை வைத்தார். தெளிந்த பின்னரே வினையை ஒப்படைக்க வேண்டும். சுங்கத் தரகர் உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகளின்படி, அவர் நம்மிடமிருந்து அதிகாரம் பெற்றாக வேண்டும். நாம் யார், எங்கிருக்கிறோம் என்பதையும் சரிபார்த்தாக வேண்டும். ஆதலின் அவர் அடையாளச் சான்று கேட்டால் மனம் கோணாதீர்கள். கொடுக்கும் படியின் குறுக்கே, ‘இன்ன பயணத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். அதிகாரப் பத்திரத்திலும் எந்தப் பொருள், எந்தப் பயணம், எந்த நாள் வரை என்று வரையறுத்து எழுதுங்கள்.

இரண்டாவது, ஒரே வாய், ஒரே பட்டியல். குழுவில் பத்துப் பேர் இருக்கலாம்; முகவருக்கு அனுப்புபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். பத்திரம் கைக்கு வந்த பின்னரே பட்டியல் வெளியே போக வேண்டும். வரைவை அனுப்பவே கூடாது. தவறி அனுப்பியிருந்தால், ‘அது செல்லாது, அதை நீக்கிவிடுங்கள்’ என்று எழுதி, நீக்கியதாக மறுமொழியும் பெறுங்கள்.

மூன்றாவது, கொடுக்கத்தகாததைக் கொடாமை. ஆவணம் வேறு, கையொப்பம் வேறு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்துக்கு மைக் கையொப்பத்தின் மதிப்பைத் தந்துள்ளது. அக்கையொப்பக் கருவியையும் அதன் இரகசிய எண்ணையும் ‘உங்களிடமே இருக்கட்டும்’ என்று தரகரிடம் விட்டுவைப்பது, வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் அப்படியே. நம் பெரியோர் வெற்றுப் பாண்டு எழுதிக் கொடுத்து நிலம் இழந்த கதைகளை மறந்துவிடலாகாது.

நான்காவது, முத்திரைக்கு ஆள். நான்கு முத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை எழுதுங்கள். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது பெயரன்று. முத்திரை விழுந்தவுடன் அடிக்கட்டையின் படமோ மின்னணுப் பதிவின் படமோ அனைவருக்கும் வர வேண்டும். வராதவரை வாயிலை விட்டு நகரலாகாது.

ஐந்தாவது, திரும்பப் பெறுதல். பயணம் முடிந்ததும் முகவரோடு செய்த பகிர்வை நிறுத்துங்கள். ஏட்டை வழங்கிய அமைப்பிடம் சேர்த்து முடிவு செய்யுங்கள். படிகளை மட்டும் மூன்றாண்டு பாதுகாத்து வையுங்கள். பத்திரத்தின் ஆயுள் ஓராண்டு, கோரிக்கைக்கு ஓராண்டு, சான்றுக்கு 6 மாதம் என்று கூட்டினால் ஏன் என்பது விளங்கும்.

மைசூருவாசிகளுக்குச் சிறப்பாக ஒன்று சொல்ல வேண்டும். கார்னெட் வரியைப் பற்றியது. காட்டு வளத்தைக் காக்கும் விதிகளை அது விலக்காது. ஈட்டி மரம் உட்பட அதன் இனத்தைச் சேர்ந்த மரங்கள் பல 2017 சனவரியில் சைட்டீசு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுள் வந்தன. 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. மற்ற மரப் பொருள்களுக்கு எடை முதலிய வரம்புகள் உண்டு. யானைத் தந்தம் பதித்த பழைய வீணையோ பேழையோ வீட்டில் இருந்தால், அதைப் பயணத்தில் சேர்க்கவே வேண்டா. முகவருக்கு அனுப்பும் பட்டியலில் மரத்தின் பெயரையும் பதித்த பொருளின் பெயரையும் மறையாது எழுதுங்கள். மறைத்தால் வரும் துன்பம் முகவருக்கு மட்டும் அன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் வீணை வாசிப்போர் மூத்தோர். கைப்பேசியைக் கையாளத் தெரிந்தோர் இளையோர். ‘நீயே பார்த்துக்கொள், தம்பி’ என்று மூத்தோர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்; இளையோர் ஒரு தட்டுத் தட்டி எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறார்கள். இருவரும் ஒரு மாலை சேர்ந்து அமர்ந்து, பட்டியலை வாய்விட்டுப் படித்து, வீணையை எதிரில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும். கடல் கடந்து செல்வோருக்கு இவ்வாறு துணை இருக்க நம் சங்கத்தில் ஒரு சிறு குழுவை அமைக்கலாம் என்று முன்மொழிகிறோம். எங்கள் அனுபவத்தையும், எங்கள் பழைய ஏட்டின் படிகளையும் அக்குழுவுக்குத் தர ஆயத்தமாக உள்ளோம்.

அந்த அம்மையார் இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களுடைய வீணை அவர்களுக்கு முன்பே மேடை ஏறியிருக்கும் என்று இச்சபையில் உறுதி கூறி, எங்கள் உரையை முடித்துக்கொள்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.